கண் கிளினிக்கில் நம்பர் எடுக்க எது நல்லது: செயலியா, இணையப் பக்கமா, வட்ஸ்அப்பா, தொலைபேசியா?

திருகோணமலை நகரில் கண் மருத்துவ நிபுணர் வாரத்தில் சில நாட்கள் வந்துபோகும் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்று, நோயாளிகளுக்கு நம்பர் கொடுக்கும் வேலையைக் கொப்பியிலிருந்து இணையத்துக்கு மாற்ற விரும்புகிறது. இணையத்தளம் அமைப்பது என் தொழில் என்பதால் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர்கள் கையில் ஏற்கெனவே சில யோசனைகள் இருந்தன. கைபேசிச் செயலி ஒன்று செய்யலாம். புதிய இணையத்தளம் கட்டலாம். வட்ஸ்அப் இலக்கம் கொடுக்கலாம். தானாகப் பேசும் தொலைபேசி வைக்கலாம். எதுவும் முடியாவிட்டால், இப்போதிருக்கும் பழைய தளத்தின் மேல், பார்வைக் குறைவு போன்ற சிரமம் உள்ளவர்களும் பயன்படுத்த உதவும் என்று சொல்லப்படும் ‘அணுகல்’ பொத்தான் ஒன்றை ஒட்டிவிடலாம். வாசிகசாலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தனியார் கல்வி நிலையங்களும் இதே முடிவை எடுக்கும் இடத்தில் நிற்பதால், நான் சொன்ன பதிலை விரிவாக எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யூனிகோட் தமிழில், அதாவது எந்தக் கருவியும் தமிழென்றே அறிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறையில், ஒழுங்காகக் கட்டிய எளிய இணையப் பக்கம் ஒன்று வேண்டும். அதே பக்கத்தின் மேற்பகுதியில், மனிதர் எடுத்துப் பேசும் தொலைபேசி இலக்கம் ஒன்று வேண்டும். வட்ஸ்அப் துணைக்கு இருக்கலாம். செயலி இப்போது தேவையில்லை. ஒட்டுப் பொத்தான் எப்போதுமே வேண்டாம்.

யாருக்காகச் செய்கிறோம்

கண் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கண்ணில் ஏதோ குறையோடுதான் வருகிறார்கள். வடிவமைப்பவர் மேசையில் முதலில் மறக்கப்படுவதும் இதுதான். கண்புரை உள்ளவருக்கு எழுத்து மங்கும், வெளிச்சம் கூசும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதினால் அவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. குளுக்கோமா பக்கப் பார்வையைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். திரையின் மூலையில் தோன்றி மறையும் ‘பதிவு முடிந்தது’ என்ற செய்தி அவர் கண்ணில் படாது, அவர் மறுபடியும் பொத்தானை அழுத்துவார். நீரிழிவு விழித்திரையைத் தாக்கியவருக்குப் பார்வை திட்டுத் திட்டாக மறைந்திருக்கும். நடுப்பார்வையை இழந்தவர் எழுத்தை மிகப் பெரிதாக்கித்தான் வாசிப்பார்.

இன்னொன்றும் உண்டு. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பரிசோதித்து வெளியே வரும் எவருக்கும், நல்ல பார்வை உள்ளவருக்குக்கூட, சில மணி நேரம் கிட்டத்தில் உள்ள எழுத்து தெளியாது. ‘அடுத்த தவணைக்கு நீங்களே போனில் நம்பர் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கவுண்டரில் சொல்லப்படுவது சரியாக அந்த நேரத்தில்தான்.

முற்றாகப் பார்வை இல்லாதவர்கள், திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானைக் கொண்டு கைபேசியையும் கணினியையும் இயக்குகிறார்கள். ஐபோனில் வொய்ஸ்ஓவரும் அன்ட்ரொயிட்டில் டோக்பேக்கும் 2009 இலேயே வந்துவிட்டன. கணினிக்கு என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006 இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட அதன் வேலையில் முன்னின்ற இருவருமே விழிப்புலனற்றவர்கள். இவை தமிழையும் வாசிக்கின்றன. ஆகவே ‘விழிப்புலனற்றோர் எப்படி இணையத்தைப் பயன்படுத்துவார்கள்’ என்று இன்று கேட்பது பிந்திய கேள்வி. நாம் கட்டும் பக்கம் அந்தக் கருவிகளுக்கு வாசிக்க எதையாவது கொடுக்கிறதா என்பதுதான் கேட்க வேண்டியது.

இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோர் ஏதாவது ஒரு செயற்பாட்டுச் சிரமத்தோடு இருப்பதாகப் பதிவானது. அந்தச் சிரமங்களில் பார்வைச் சிரமமே முதலிடத்தில் நின்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 9 ஆம் உறுப்புரை வீதி, கட்டடங்களோடு நிற்காமல் தகவல் தொழில்நுட்பத்தையும் இணையத்தையும் சேர்த்தே பேசுகிறது. இதை நிலையத்தாரிடம் நான் சட்டமாக எடுத்து வைக்கவில்லை. தமது நோயாளி தமது தளத்தைப் பயன்படுத்த முடியாமல் போவதை அவர்களே விரும்பவில்லை, அது போதும்.

ஒட்டுப் பொத்தானும் செயலியும்

ஒட்டுப் பொத்தானைச் சுருக்கமாகவே முடிக்கலாம். பழைய தளத்தில் ஒரு வரி நிரல் சேர்த்தால் மூலையில் சிறு மனித உருவம் வரும். அதை அழுத்தினால் எழுத்து பெரிதாகும், நிறம் மாறும், தளம் முழுவதும் அணுகத்தக்கதாகிவிடும் என்று விற்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி கைபேசியிலேயே இருக்கிறது. தேவைப்படுகிறவர் அதை ஏற்கெனவே போட்டுவைத்திருப்பார். பெயர் இல்லாத பொத்தானுக்கும் விளக்கம் இல்லாத படத்துக்கும் சரியான பெயரை இந்த நிரல் ஊகித்துக் கொடுக்க முடியாது, தமிழில் நிச்சயமாக முடியாது. பல வேளைகளில் அது திரைவாசிப்பானின் வழியிலேயே குறுக்கே நிற்கிறது. இவ்வகைக் கருவி விற்கும் அக்சஸிபீ என்ற நிறுவனம், எந்தத் தளத்தையும் தன் கருவி தர விதிகளுக்கு இணங்கச் செய்துவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக, 10 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 இல் நடவடிக்கை எடுத்தது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக இதை எவரும் வாங்கக் கூடாது.

செயலியின் பக்கம் உண்மையான நியாயங்கள் உண்டு. அன்ட்ரொயிட்டின் சொந்தப் பொத்தான்களையும் பெட்டிகளையும் கொண்டு கட்டினால் டோக்பேக் மிக நன்றாக வேலை செய்யும். ஒருமுறை உள்நுழைந்தால் மறுபடி கேட்காது. ‘நாளை உங்கள் தவணை’ என்ற நினைவூட்டல் தானாக வரும். நாள்தோறும் பயன்படும் ஒன்றுக்கு, வங்கிக்கோ பஸ்ஸுக்கோ, நானே செயலியைத்தான் சிபாரிசு செய்வேன்.

கண் கிளினிக்குக்கு ஒருவர் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அதற்காக அவர் கடவுச்சொல்லைத் தேடி, பிளே ஸ்டோருக்குள் போய், போனில் இடம் ஒதுக்கி, செயலியை இறக்க வேண்டும். அடுத்த தவணை வருவதற்குள் இடம் போதாமல் அதை நீக்கியிருப்பார், அல்லது அது புதுப்பிக்கச் சொல்லி நிற்கும். மூதூரில் இருக்கும் தாய்க்கு டோஹாவில் வேலை செய்யும் மகன் நம்பர் எடுக்கும் வழக்கம் இங்கே சாதாரணம். அவனுக்கு ஓர் இணைப்பை அனுப்புவது எளிது. அன்ட்ரொயிட்டுக்கும் ஐபோனுக்கும் தனித்தனியே என்றால் செலவும் இரட்டிப்பு. கூகுள் பதிவுக் கட்டணம் ஒருமுறை 25 டொலரோடு முடியும், அப்பிள் ஆண்டுதோறும் 99 டொலர் கேட்கும். இரண்டையும் பராமரிக்க ஆள் வேண்டும். பணம் குறையும்போது முதலில் நிற்பது பராமரிப்பு. அவசரத்தில் செய்யப்பட்ட செயலிகளில் டோக்பேக் ‘பெயரிடப்படாத பொத்தான், பெயரிடப்படாத பொத்தான்’ என்று சொல்லிக்கொண்டே போகும். எது பதிவு, எது நீக்கம் என்று கேட்பவருக்குத் தெரியாது.

‘விழிப்புலனற்றோருக்கென்று தனியாக ஒரு சிறிய செயலி செய்துவிடுவோமா’ என்றும் ஒரு யோசனை வந்தது. நல்ல மனத்தோடு சொன்னதுதான், ஆனாலும் நான் கடுமையாக எதிர்த்தேன். தனியாகச் செய்யப்படுவது தனியாகவே பழசாகும். பொதுத் தளத்தில் புதிய டொக்டரின் பெயர் ஏறும், தனிச் செயலியில் ஏறாது. எல்லோரும் நுழையும் வாசலிலேயே இவர்களும் நுழையக்கூடியதாகச் செய்வது மலிவு, நிலைக்கும், மரியாதையும் அதுதான்.

வட்ஸ்அப்பும் தொலைபேசியும்

வட்ஸ்அப்பை ஒதுக்க முடியாது. பார்வையற்ற நண்பர்கள் பலர் தட்டச்சு செய்வதைவிடக் குரல் பதிவு அனுப்புவதையே விரும்புகிறார்கள். டேட்டாவுக்குச் சமூக வலைத்தளப் பொதி மட்டும் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வட்ஸ்அப் திறக்கும், இணையத்தளம் திறக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே வட்ஸ்அப் இலக்கம் இருக்க வேண்டும் என்பேன்.

முதன்மை வழியாக அதை வைப்பதற்குத்தான் தயங்குகிறேன். குரல் பதிவை யாராவது கேட்டு, கொப்பியில் பதிந்து, பதில் போட வேண்டும். நம்பர் கிடைத்ததா என்பது அதுவரை தெரியாது. நோயாளியின் நோய் விவரமெல்லாம் ஊழியர் ஒருவரின் சொந்தப் போனில் குவியும். அறிவித்தல்களைப் படமாக அனுப்பும் பழக்கம் வேறு. ‘இன்று டொக்டர் வரமாட்டார்’ என்பதை அழகான பின்னணியில் எழுதி, படமாக்கி, வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுகிறார்கள். திரைவாசிப்பான் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். புல்மோட்டையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருகிற ஒருவருக்கு, அன்றைய நாளின் மிக முக்கியமான செய்தி அதுதான். அதை எழுத்தாகவே அனுப்புவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

குறுஞ்செய்தியைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். தமிழ் யூனிகோடில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறியீடுகள்தான் இடம். ஆங்கில எழுத்தில் 160. ‘கா’ என்ற எழுத்தே இரண்டு குறியீடாகக் கணக்காகும். செலவுக்குப் பயந்து தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்புகிறார்கள். அதைத் தமிழ்க் குரலும் சரியாக வாசிக்காது, ஆங்கிலக் குரலும் வாசிக்காது. சுருக்கமாக எழுதினால் தமிழ் கொள்ளும்: ‘நாளை கண் டொக்டர் வரமாட்டார். புதிய நாள்: வெள்ளி காலை 9.’ இது 70 க்குள் அடங்குகிறது.

தானாகப் பேசும் தொலைபேசிக்கு ஒரு பெரிய வலிமை இருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் முதியவரையும் அது விலக்காது. டேட்டா வேண்டாம், எழுத்து வேண்டாம். ஸ்மார்ட் போனில் டோக்பேக்கோடு அதைப் பயன்படுத்துவது வேறு கதை. ‘தமிழுக்கு 1 ஐ அழுத்துங்கள்’ என்றதும் போனைக் காதிலிருந்து எடுத்து, எண்பலகையைத் திறந்து, விரலால் தடவி 1 ஐத் தேட வேண்டும். அப்போது டோக்பேக்கின் குரலும் தொலைபேசியின் குரலும் ஒன்றன் மேல் ஒன்று பேசும். தேடிப் பிடிப்பதற்குள் ‘நேரம் முடிந்தது’ என்று அழைப்பு துண்டிக்கப்படும். இதை வைப்பதென்றால் தெரிவுகள் நான்குக்கு மேல் போகக் கூடாது. செயலை முதலில் சொல்லி எண்ணைப் பிறகு சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு கண் கிளினிக்கின் அளவுக்கு இந்த இயந்திரம் எதற்கு? கவுண்டரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். குறித்த இரண்டு மணி நேரம் அவர் போனை எடுத்துப் பேசினால், எந்த மென்பொருளும் செய்யாததை அவர் செய்வார்: ‘அம்மா, போன முறை வலது கண்ணுக்குத்தானே வந்தீர்கள்?’ என்று கேட்பார். அவர் போனில் சொல்லும் நம்பரும் இணையத்தில் கொடுக்கப்படும் நம்பரும் ஒரே பட்டியலிலிருந்து வர வேண்டும். இணையத்தில் முதல் இருபதும் முடிந்த பிறகு மிச்சம்தான் போனில் என்றால், அந்த இலக்கம் பெயருக்குத்தான் இருக்கிறது.

இணையப் பக்கம்

இதை நான் முதலாவதாக வைப்பதற்குக் காரணம், ஒரே பக்கம் எல்லாக் கருவிகளிலும் திறக்கும், எந்தத் திரைவாசிப்பானுக்கும் பொருந்தும், எதையும் இறக்கத் தேவையில்லை என்பதே. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியின் சாதாரணத் தலைப்பு, பொத்தான், படிவப் பெட்டி ஆகியவற்றுக்குள் அணுகல் வசதி பிறவியிலேயே இருக்கிறது. வடிவமைப்பவர் அலங்காரத்துக்காக அவற்றை நீக்கிவிட்டு, பொத்தான் போல வரைந்த வெற்றுப் பெட்டிகளை வைக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது. வெப்எய்ம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் தானியங்கிச் சோதனையிலேயே பிடிபடும் தவறுகள் இருந்தன. மிக அதிகமாகக் கண்டது மங்கலான எழுத்து. உலகம் முழுவதும் இப்படித்தான் இருக்கிறது என்றால், இணையத்தளம் என்று சொன்னால் மட்டும் போதாது, எத்தகைய இணையத்தளம் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

எழுத வேண்டிய தரம் தெளிவாக இருக்கிறது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு வெளியிடும் அணுகல் வழிகாட்டியின் 2.2 ஆம் பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. அதிலுள்ள ஏ, ஏஏ, ஏஏஏ என்ற மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலையைக் கேளுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் வெட்டுப்படக் கூடாது. தொடும் இடங்கள் குறைந்தது 24 க்கு 24 பிக்சல். கை நடுங்கும் முதியவர்களுக்காக நான் 48 கேட்பேன். இங்குள்ள சிகிச்சை நிலையங்களும் விடுதிகளும் விரும்பும் கடல்நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து பெரும்பாலும் இந்த அளவில் தோற்றுவிடும். நீலத்தை ஆழமாக்கினால் போதும், நிறத்தைக் கைவிட வேண்டியதில்லை.

தமிழுக்கே உரிய சிக்கல்களை அந்த வழிகாட்டி சொல்லாது. இலங்கை அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். பார்வைக்குத் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. ‘கண்’ என்று நாம் பார்க்கும் சொல்லை என்விடிஏ எஃப், இசட், அரைப்புள்ளி என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு முழு அறிவித்தலும் இப்படி வாசிக்கப்படுவதைக் கேட்டால் மனம் சோர்ந்துவிடும். அதையே பிடிஎஃப் ஆக்கினாலும் கதை மாறாது. பக்கத்தில் ஏறும் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் யூனிகோடாக இருக்க வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக எழுதுங்கள்.

அடுத்தது மொழி அடையாளம். கந்தளாயிலிருந்தும் சேருவிலவிலிருந்தும் வருகிறவர்களுக்குச் சிங்களமும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும். எந்தப் பகுதி எந்த மொழி என்பதை நிரலில் குறித்தால்தான் திரைவாசிப்பான் குரலை மாற்றும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ்ப் பகுதியை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம். மூன்றையும் ஒரே வரியில் அடுக்காமல் மூன்று தனிப் பக்கங்களாக வைப்பது இன்னும் நல்லது.

‘மு.ப. 8.30’ என்பதைக் குரல் ‘மு, ப’ என்று இரண்டு எழுத்தாகச் சொல்லும், ‘காலை 8.30’ என்று எழுதுங்கள். ‘05/06’ என்றால் மே மாதமா ஜூன் மாதமா என்று கேட்பவர் குழம்புவார். மாதத்தின் பெயரை எழுதுங்கள். நேரங்களைப் பச்சை, சிவப்புக் கட்டங்களாகக் காட்டும் பழக்கம் மிகப் பரவலானது. நிறம் மட்டுமே பேசும் அந்தக் கட்டம் பார்வையற்றவருக்கும், நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் ஒன்றும் சொல்லாது. ‘காலை 9.15, இடம் உண்டு’ என்று வரிவரியாகப் பட்டியல் இட்டால் எல்லோருக்கும் புரியும். பக்கம் நீளும் என்று வடிவமைப்பவர் முகம் சுளிப்பார், நீளட்டும். திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் தலைப்புகளைத் தாவியே தேவையான இடத்துக்குப் போவார்கள், ஆகவே ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உண்மையான தலைப்பு இருந்தால் நீளம் தடையாகாது.

படிவத்தில் கேட்பதைக் குறையுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். முகவரி, தேசிய அடையாள அட்டை இலக்கம், மின்னஞ்சல் எல்லாம் கவுண்டரில் கேட்கலாம். திரிந்த எழுத்துகளைப் படத்தில் காட்டி ‘நீங்கள் மனிதரா’ என்று சோதிக்கும் பகுதியை வைக்கவே வேண்டாம். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணுக்கு ஒரு நிமிட அவகாசம் போதாது. செய்தியைத் திறந்து, கேட்டு, மனத்தில் வைத்து, திரும்பி வந்து தட்டுவதற்குக் குறைந்தது ஐந்து நிமிடம் கொடுங்கள். தவறு நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்கிவிட்டு நிற்காமல், என்ன தவறு என்று எழுத்தில் சொல்லுங்கள். பதிவு முடிந்ததும் நம்பர், நாள், நேரம் மூன்றும் பக்கத்தின் தலைப்பாக வந்து தானாக வாசிக்கப்பட வேண்டும், அங்கேயே நிலைத்து நிற்க வேண்டும்.

எங்கே என் பதில் மாறும்

நாளுக்கு இருபது பேருக்கும் குறைவாக வரும் இடமென்றால் தொலைபேசியே போதும். இணையத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஒரு பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினருக்கு நாள்தோறும் கணக்கு மீதி காட்ட நினைத்தால் செயலியைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். வாசிகசாலைக்கு இணையப் பக்கத்தோடு நூல்களின் எழுத்து வடிவமும் ஒலி வடிவமும் சேர்ந்தே சிந்திக்க வேண்டியவை. அச்சு நூல்களை வாசிக்க முடியாதோருக்கு அணுகத்தக்க பிரதிகள் கிடைக்க வழி செய்யும் மராகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016 இலேயே சேர்ந்திருக்கிறது.

கிளினிக்காருக்கு நான் கொடுத்த வேலைத் திட்டத்தில் மென்பொருள் செலவுக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: சோதிப்போருக்கான கொடுப்பனவு. டோக்பேக் பயன்படுத்தும் ஒருவர், கணினியில் என்விடிஏ பயன்படுத்தும் ஒருவர், எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கும் முதியவர் ஒருவர். மூவருக்கும் ஒரே வேலை: வெள்ளிக்கிழமைக்கு நம்பர் எடுங்கள், அதை வேறு நாளுக்கு மாற்றுங்கள், இன்று டொக்டர் வருகிறாரா என்று கண்டுபிடியுங்கள். தளம் அமைப்பவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்; வாய் திறந்து உதவக் கூடாது. மூவரும் தனியாக முடித்த பிறகுதான் கடைசித் தவணைப் பணம் கொடுபடும். அந்தத் தளத்தை அமைக்கப்போவது நானாக இருந்தாலும் இதே நிபந்தனைதான். சோதிக்க வருகிறவர்களுக்குப் பஸ் காசும் அரை நாள் கூலியும் கையில் கொடுக்கப்பட வேண்டும். இது அவர்கள் செய்யும் வேலை. தளம் திறந்த பிறகு அறிவித்தல் போடப்போகிற கவுண்டர் ஊழியரும் அந்த மேசையிலேயே இருந்து, யூனிகோடில் எழுதப் பழகி, தான் எழுதிய முதல் அறிவித்தலை டோக்பேக் வாசிப்பதைக் கேட்க வேண்டும்.